செயலிழந்த தொழிற்கூடங்களில் ஒளி, எழுத்துக் கலை

செயலிழந்த தொழிற்கூடங்களில் ஒளி, எழுத்துக் கலை என்பது மூடப்பட்ட ஆலைகள், பயன்பாடு நின்ற கிடங்குகள், பழைய துறைமுகக் கட்டடங்கள் போன்ற இடங்களில் சொற்களையும் ஒளியையும் கொண்டு அமைக்கப்படும் ஒரு கலை வடிவமாகும். இது நிறுவல் கலையின் ஒரு பிரிவு. நிறுவல் கலையைத் தாபனக் கலை என்றும் கூறுவர். சட்டமிட்ட ஓவியத்தை எந்த ஊர்ச் சுவரிலும் மாட்டலாம். நிறுவல் கலைப் படைப்பு பெரும்பாலும் அது அமைக்கப்பட்ட இடத்தோடு பிணைந்தது. அந்த இடத்தின் கூரை, சுவர், வாடை, வரலாறு ஆகியவையும் படைப்பின் பகுதிகளே.

இந்தியாவில் இக்கலைக்கு நன்கு அறியப்பட்ட களம் கேரளத்தின் கொச்சித் துறைமுகத்தை ஒட்டிய பழைய வணிகக் கிடங்குகள் ஆகும். மும்பையின் சசூன் துறையிலும் இத்தகைய முயற்சி நடந்துள்ளது. துறைமுகமும் ஆலைகளும் உப்பளங்களும் முத்துக்குளிப்பு வரலாறும் ஒருங்கே அமைந்த தூத்துக்குடிக் கரைக்கும் இக்கலை எழுப்பும் கேள்விகள் நேரடியாகப் பொருந்தும். ஒரு தொழில் நிற்கும்போது அதன் கட்டடம் உடனே இடிந்துவிடுவதில்லை. ஆனால் அத்தொழிலாளர் பேசிய சொற்கள் ஒரு தலைமுறைக்குள் வழக்கொழிந்து போகின்றன. அச்சொற்களை அவை பிறந்த இடத்திலேயே மீண்டும் படிக்கத் தருவதுதான் இக்கலையின் தனிப் பயன்.

எழுத்தும் கட்டடமும்

கட்டடத்தின் மேல் எழுதுவது தமிழருக்குப் புதிதன்று. கோயில் சுவர்களிலும் பாறைகளிலும் கல்வெட்டுகள் பொறிக்கப்பட்டன. அரசனின் ஆட்சியாண்டு, நிலக்கொடை, வரி நீக்கம், விளக்கெரிக்க விடப்பட்ட ஆடுகளின் எண்ணிக்கை ஆகியவற்றை அவை கூறும். கொடுத்தவர் பெயர் பெரும்பாலும் கிடைக்கும். அந்தக் கல்லைச் சுமந்தவர் பெயர் அரிதாகவே கிடைக்கும்.

அன்றாட வாழ்விலும் எழுத்து இடம்பிடித்துள்ளது. மீனவர் தம் வள்ளங்களுக்கும் தோணிகளுக்கும் பெயர் எழுதுகின்றனர். தேர்தல் காலத்தில் சுவரெழுத்து நிறைகிறது. கடைகளில் பெயர்ப்பலகைகள் தொங்குகின்றன. எனவே பொது இடத்தில் எழுத்தைப் பார்த்து நின்று படிக்கும் பழக்கம் நம் மக்களிடம் ஏற்கெனவே உண்டு. எழுத்துக் கலை இந்தப் பழக்கத்தின் மேல்தான் நிற்கிறது. விளம்பரம் ஒரு பொருளை வாங்கச் சொல்கிறது. கல்வெட்டு ஒரு செயலைப் பதிவு செய்கிறது. எழுத்துக் கலையோ பெரும்பாலும் படிப்பவரிடம் ஒரு கேள்வியை விட்டுச் செல்கிறது.

ஒளி எழுத்தின் தோற்றம்

நியான் வாயுவை 1898இல் இலண்டனில் வில்லியம் ராம்சே, மாரிஸ் டிராவர்ஸ் ஆகிய அறிவியலாளர்கள் கண்டறிந்தனர். 1910இல் பிரெஞ்சுப் பொறியாளர் ஜார்ஜ் கிளாட் பாரிசில் நியான் விளக்கை மக்கள் முன் எரியவிட்டுக் காட்டினார். அதன்பின் கடைகள், திரையரங்குகள், உணவகங்கள் ஆகியவற்றின் பெயர்கள் உலக நகரங்களில் இரவு நேரத்தில் ஒளிரத் தொடங்கின.

இந்த விளம்பரக் கருவியைக் கலைஞர்கள் 1960களில் கையிலெடுத்தனர். அமெரிக்கக் கலைஞர் ஜோசப் கொசுத் 1965 முதல் நியான் சொற்களையே படைப்புகளாக அமைத்தார். அவற்றில் சில, தம்மைத் தாமே விவரிக்கும் சொற்களால் ஆனவை. புரூஸ் நாமன் என்பவர் சான் பிரான்சிஸ்கோவில் முன்பு மளிகைக் கடையாக இருந்த ஓர் அறையில் பணிபுரிந்து வந்தார். அங்கிருந்த பழைய பீர் விளம்பர விளக்கு அவருக்கு ஒரு வழியைக் காட்டியது. 1967இல் கலைஞனின் கடமையைப் பற்றிய ஒரு வாசகத்தைச் சுருள் வடிவில் நியானில் அமைத்து, கடை விளம்பரம் போலவே சன்னலில் தொங்கவிட்டார். தெருவில் செல்பவர் அதை விளம்பரம் என்றெண்ணிப் படிக்கத் தொடங்கி, பாதியில் வேறொன்று என உணர்வர்.

ஜென்னி ஹோல்சர் என்ற கலைஞர் 1970களின் இறுதியில் நியூயார்க் தெருக்களில் ஒருவரி வாசகங்களைச் சுவரொட்டிகளாக ஒட்டினார். 1982இல் அதே வாசகங்கள் டைம்ஸ் சதுக்கத்தின் மின் விளம்பரப் பலகையில் ஓடின. 1990களின் நடுப்பகுதி முதல் அவர் பெருங்கட்டடங்கள் மீதும் ஆற்றுநீர் மீதும் எழுத்துகளை ஒளிவீச்சாகப் படியவிட்டு வருகிறார்.

தொழிற்கூடங்களைத் தேர்ந்தெடுப்பது ஏன்?

இருபதாம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் ஐரோப்பாவின் பழைய நிலக்கரி, இரும்பு, நெசவுத் தொழில்கள் நலிந்தன. பெருங்கட்டடங்கள் வெறுமையாயின. கலைஞர்கள் அவற்றை நாடியதற்கு மூன்று காரணங்கள் உண்டு.

முதலாவது, இடம். உயர்ந்த கூரையும் தூண்களற்ற அகன்ற தளமும் கொண்ட இத்தகைய கூடங்கள் வழக்கமான கலைக்கூடங்களில் அமைவதில்லை. இரண்டாவது, இருட்டு. கிடங்குகளும் நிலவறைகளும் சன்னல் குறைந்தவை. ஒளிப் படைப்புக்கு அது வசதி. மூன்றாவது, நினைவு. தேய்ந்த படிக்கட்டு, எண்ணெய்க் கறை, சுவரில் எஞ்சிய பாதுகாப்பு அறிவிப்பு ஆகிய அனைத்தும் அங்கே மனிதர் உழைத்ததைக் காட்டுகின்றன.

இலண்டனில் 1981இல் மூடப்பட்ட பேங்க்சைடு மின் நிலையம் 2000ஆம் ஆண்டில் டேட் மாடர்ன் கலைக்கூடமாகத் திறக்கப்பட்டது. அதன் பழைய விசையாழிக் கூடத்தில் 2003இல் ஓலாபர் எலியாசன் மஞ்சள் ஒளியாலும் கண்ணாடிக் கூரையாலும் ஒரு செயற்கைச் சூரியனை அமைத்தார். மின்சாரம் பிறந்த இடத்திலேயே ஒளி காட்சிப் பொருளானது.

ஜெர்மனியின் ரூர் பகுதி இதற்கு இன்னும் தெளிவான சான்று. டூயிஸ்பர்க் நகரின் மைடரிக் இரும்பாலை 1985இல் மூடப்பட்டது. ஆலையை இடிக்காமல் பூங்காவாக மாற்றினர். 1996 முதல் பிரித்தானிய ஒளிக் கலைஞர் ஜொனாதன் பார்க் அமைத்த வண்ண விளக்குகள் இரவில் அதன் ஊதுலைகளை ஒளிர வைக்கின்றன. அதே பகுதியில் உள்ள ஊன்னா நகரில் ஒரு பழைய பீர் வடிப்பாலையின் நிலவறைகள் 2000களின் தொடக்கத்தில் ஒளிக் கலைக்கென்றே ஒரு காட்சியகமாயின. அங்கே கொசுத்தின் எழுத்துப் படைப்பும் உள்ளது. ஆலையின் புகைபோக்கியில் இத்தாலியக் கலைஞர் மரியோ மெர்ஸ் பிபனாச்சி எண்களை நியானில் ஏற்றினார். 1, 1, 2, 3, 5, 8, 13 என ஒவ்வோர் எண்ணும் தனக்கு முந்தைய இரண்டின் கூட்டுத்தொகையாக அமையும் வரிசை அது. புகை மேலேறிய வழியில் இப்போது எண்கள் மேலேறுகின்றன.

கொச்சி: ஆஸ்பின்வால் மாளிகை

ஆங்கிலேய வணிகர் ஜான் ஆஸ்பின்வால் 1867இல் தொடங்கிய நிறுவனத்தின் வளாகம் கொச்சிக் கோட்டைப் பகுதியில் நீர்முகத்தில் உள்ளது. தேங்காய் எண்ணெய், மிளகு, மரம், இஞ்சி, மஞ்சள், தோல், பின்னாளில் கயிறு, காப்பி, தேயிலை, ரப்பர் ஆகிய சரக்குகள் இக்கிடங்குகள் வழியாகக் கப்பலேறின. வணிகம் நின்றபின் கட்டடங்கள் பல காலம் வெறுமையாகக் கிடந்தன.

கலைஞர்கள் போஸ் கிருஷ்ணமாச்சாரியும் ரியாஸ் கோமுவும் தொடங்கிய கொச்சி-முசிரிஸ் ஈராண்டுக் கலைவிழா, 2012 டிசம்பர் 12 அன்று இவ்வளாகத்தை முதன்மைக் களமாகக் கொண்டு தொடங்கியது. இங்கே 'ஈராண்டு' என்பது இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை நடப்பதைக் குறிக்கும். மிளகுக் கிடங்காக இருந்த பெப்பர் ஹவுஸ் உள்ளிட்ட பிற கட்டடங்களும் களங்களாயின. விழாவின் பெயரில் உள்ள முசிரிஸ், சங்க இலக்கியம் கூறும் முசிறித் துறைமுகமே. எழுத்தை மையமாகக் கொண்ட மூன்று படைப்புகள் இவ்விழாவில் குறிப்பிடத்தக்கவை.

வேதனைக் கடல்: 2016ஆம் ஆண்டு விழாவில் சிலி நாட்டுக் கவிஞர் ராவுல் சூரிட்டா இப்படைப்பை அமைத்தார். ஆஸ்பின்வால் வளாகத்தின் நீண்ட கிடங்கு ஒன்றில் கடல்நீர் தேக்கப்பட்டது. பார்வையாளர் வேட்டியையோ காற்சட்டையையோ சுருட்டிக்கொண்டு நீரில் இறங்கி நடக்க வேண்டும். இரு பக்கச் சுவர்களிலும் துணிகளில் எழுதப்பட்ட கேள்விகள் இருந்தன. எதிர்முனைச் சுவரில்தான் யாருக்காக இப்படைப்பு என்பது எழுதப்பட்டிருந்தது.

2015 செப்டம்பரில் துருக்கிக் கரையில் ஒதுங்கிய சிரியக் குழந்தை ஆலன் குர்தியின் நிழற்படத்தை உலகமே பார்த்தது. அதே படகு கவிழ்ந்ததில் அவன் அண்ணன் காலிப், தாய் ரெஹானா ஆகியோரும் இறந்தனர். உலகம் பார்த்த படத்தில் காலிப் இல்லை. படமில்லாத அந்தச் சிறுவனுக்காக எழுதப்பட்டதே இப்படைப்பு. நீரில் நடந்து சென்று கடைசிச் சுவரைப் படிக்கும்போது பார்வையாளரின் கால்கள் நனைந்திருக்கும். எழுத்தை உடலால் படிக்க வைத்தது இதன் சிறப்பு.

சூரிட்டாவின் வாழ்வும் இங்கு அறியத்தக்கது. 1973 செப்டம்பர் 11 அன்று சிலியில் இராணுவம் ஆட்சியைக் கைப்பற்றியபோது மாணவராக இருந்த அவர் கைது செய்யப்பட்டு, வால்பரைசோ துறைமுகத்தில் நின்ற மைப்போ என்ற சரக்குக் கப்பலின் அடித்தளத்தில் அடைக்கப்பட்டார். 1982இல் நியூயார்க் வானில் விமானங்கள் விட்ட வெண்புகையால் தம் கவிதை வரிகளை எழுதச் செய்தார். 1993இல் அட்டகாமா பாலைவன மணலில், வானிலிருந்தே முழுதாகப் படிக்கக்கூடிய அளவில் ஒரு வரியைப் பொறித்தார்.

எதிர்ப்பின் அலமாரி: அதே 2016 விழாவில் யாழ்ப்பாணக் கலைஞர் தா. சனாதனன் நூலகங்களில் முன்பு இருந்த அட்டைப் பட்டியல் பெட்டியைப் படைப்பாக்கினார். இழுப்பறைகளில் இருந்த அட்டைகள் நூல்களைப் பற்றியவை அல்ல. போர்க்காலத் தடைகளுக்கு நடுவே பொதுமக்கள் தம் அன்றாட வாழ்வை நடத்தக் கண்டுபிடித்த வழிகளை அவை கூறின. பார்வையாளர் நின்று ஒவ்வோர் அட்டையாகப் படிக்க வேண்டும். பெரிய எழுத்தோ கண்ணைப் பறிக்கும் ஒளியோ இல்லாமலும் எழுத்துக் கலை அமையும் என்பதற்கு இது சான்று.

நூறு ஒலிவாங்கிகள்: 2018ஆம் ஆண்டு விழாவில் மும்பைக் கலைஞர் ஷில்பா குப்தா, மங்கலான ஒளி கொண்ட கூடத்தில் 100 கூர்முனைக் கம்பிகளை நிறுத்தினார். ஒவ்வொரு கம்பியும் ஒரு தாளைத் துளைத்து நின்றது. எழுத்துக்காகவோ அரசியல் நிலைப்பாட்டுக்காகவோ சிறைப்பட்ட 100 கவிஞர்களின் வரிகள் அத்தாள்களில் இருந்தன. மேலே தொங்கிய 100 ஒலிவாங்கிகள் ஒலிபெருக்கிகளாக மாற்றப்பட்டு, அவ்வரிகளைப் பல மொழிகளில் பேசின. இவரே முன்பு 'நானும் உன் வானின் கீழ்தான் வாழ்கிறேன்' எனப் பொருள்படும் வாசகத்தை ஆங்கிலம், இந்தி, உருது ஆகிய மூன்று மொழிகளில் ஒளிரும் எழுத்துகளாக அமைத்து, மும்பை பாந்திராக் கடற்கரையில் பொதுமக்கள் பார்க்க வைத்தார்.

மும்பை: சசூன் துறை

1875இல் கட்டப்பட்ட சசூன் துறை மும்பையின் பழைய கப்பல்துறைகளுள் ஒன்று. 2017 நவம்பர், டிசம்பர் மாதங்களில் ஸ்டார்ட் இந்தியா அறக்கட்டளை இங்குள்ள பழைய கிடங்கில் ஒரு கலைக் கண்காட்சியை நடத்தியது. கொச்சிக்கும் இதற்கும் ஒரு வேறுபாடு உண்டு. கொச்சியில் கிடங்கின் பழைய வணிகம் முற்றிலும் நின்றிருந்தது. சசூன் துறையிலோ கிடங்கு மட்டும் ஓய்ந்திருந்தது. வெளியே மீன் சந்தை நாள்தோறும் நடந்துகொண்டிருந்தது. கோலி மீனவப் பெண்களின் முகங்கள் பெரிய படங்களாகச் சுவர்களில் ஒட்டப்பட்டன. துறையின் மீன் வாடையையே கருப்பொருளாகக் கொண்ட படைப்பும் இருந்தது. கலை பார்க்க வந்தவர் மீன்கூடை சுமந்தவருக்கு வழிவிட்டு நடக்க வேண்டியிருந்தது.

அந்த அறக்கட்டளையை நிறுவியவர்களுள் ஒருவரான ஹனீஃப் குரேஷி (மறைவு 2024), தெருப் பெயர்ப்பலகை ஓவியர்களின் கையெழுத்து வடிவங்களைக் கணினி எழுத்துருக்களாக்கிக் காக்கும் முயற்சியைத் தொடங்கியவர். அச்சுப் பலகைகள் வந்தபின் வேலை இழந்த கைவினைஞர்களின் எழுத்து அவர்கள் பெயரிலேயே நிலைக்க அது வழிசெய்தது.

மின்சாரமற்ற ஒளி

ஒளிக் கலைக்கு மின்விளக்கு கட்டாயமன்று. டாகு என்ற புனைபெயர் கொண்ட தெருக் கலைஞர் 2016இல் தில்லி லோதி குடியிருப்பில் ஒரு சுவரிலிருந்து வெளியே நீட்டிய எழுத்துகளைப் பொருத்தினார். வெயில் சாயும்போது அவற்றின் நிழல் சுவரில் விழுந்து சொற்களாகும். பொழுது நகர நகரச் சொற்கள் நீண்டு, குலைந்து, மறையும். 2018இல் கோவாவின் பணஜி நகரில் ஒரு தெருவுக்கு மேலே எழுத்துகளைப் பந்தல் போலக் கட்டினார். நடப்பவரின் மேலும் தரையிலும் சொற்கள் நிழலாக விழுந்தன.

இம்முறை வெயில் மிகுந்த தென் தமிழகக் கரைக்குப் பொருத்தமானது, மின்கட்டணமும் இல்லை. தூத்துக்குடி ஏறத்தாழ 8.8 பாகை வட அகலாங்கில் உள்ளது. ஏப்ரல் நடுப்பகுதியிலும் ஆகஸ்ட் இறுதியிலும் நண்பகலில் சூரியன் அங்கு நேர் உச்சிக்கு வரும். அந்நாட்களில் தெருவின் மேல் கட்டிய எழுத்தின் நிழல் நேர் கீழே விழும். டிசம்பரில் வடக்கே தள்ளி விழும். மாணவர்கள் அட்டையில் எழுத்து வெட்டி இதைச் சோதித்துப் பார்க்கலாம்.

தொழில்நுட்பமும் தமிழ் எழுத்தும்

நியான் எழுத்து செய்யக் கண்ணாடிக் குழாயைத் தீச்சுடரில் இளக்கி, எழுத்தின் வடிவில் வளைப்பர். குழாயிலுள்ள காற்றை வெளியேற்றி, குறைந்த அழுத்தத்தில் வாயுவை நிரப்புவர். இரு முனைகளிலும் பல ஆயிரம் வோல்ட் மின்னழுத்தம் தரும்போது வாயு ஒளிரும். நியான் தருவது செம்மஞ்சள் நிறம் மட்டுமே. ஆர்கானும் சிறிது பாதரசமும் சேர்ந்தால் நீலம் கிடைக்கும். பிற நிறங்கள் குழாயின் உட்பூச்சால் வருபவை. இன்று இதன் இடத்தை எல்இடி பட்டைகள் பிடித்துவிட்டன. அவை 12 அல்லது 24 வோல்ட்டில் இயங்குவதால் ஆபத்து குறைவு.

தமிழ் எழுத்துகளின் வளைவுகளும் சுழிகளும் குழாய் வளைப்புக்கு இசைவானவை. ஆனால் கவனிக்க வேண்டிய இரண்டு உண்டு. ஒன்று, மெய்யெழுத்தின் புள்ளி தனி விளக்காக அமையும். அது அணைந்தால் 'உப்பு' என்பது 'உபபு' ஆகிவிடும். மற்றொன்று, ஒகர வரிசை எழுத்துகள் இரு பக்கமும் குறி பெறுபவை. 'தொழில்' என்ற சொல்லில் துணைக்கால் மட்டும் அணைந்தால் 'தெழில்' எனத் தெரியும். எனவே பழுது பார்க்க ஆள் இல்லாத இடத்தில் ஒளி எழுத்தை அமைப்பது, சில மாதங்களில் பிழையான தமிழை அங்கே நிறுத்திவைப்பதாக முடியும்.

எழுத்தின் உயரமும் முக்கியம். 10 அடி தூரத்திற்கு 1 அங்குல உயரம் என்பது பெயர்ப்பலகைத் தொழிலில் வழங்கும் பொதுக் கணக்கு. 300 அடி தொலைவில் நிற்பவர் படிக்க 30 அங்குல எழுத்து தேவை. கடற்கரையில் உப்புக்காற்று இரும்பையும் மின்னிணைப்புகளையும் விரைவில் அரிக்கும் என்பதால், துருப்பிடிக்காத சட்டங்களும் நீர்புகாத இணைப்புகளும் வேண்டும்.

விமர்சனங்கள்

இக்கலையின் மீது மூன்று விமர்சனங்கள் வைக்கப்படுகின்றன.

முதலாவது, இது துயரத்தை அழகாக்கிவிடுகிறது என்பது. வேலை இழந்தவர்கள் அருகிலேயே வாழும்போது, அவர்களது ஆலை வண்ண விளக்கில் குளிப்பது அவர்களுக்கு உவப்பாக இருக்க வேண்டியதில்லை.

இரண்டாவது, நில மதிப்பு. கலை வந்த இடத்திற்குப் பின்னாலேயே உணவகங்களும் விடுதிகளும் வருகின்றன, வாடகை ஏறுகிறது, பழைய குடிகள் வெளியேறுகின்றனர். உலகின் பல நகரங்களில் இது நடந்துள்ளது.

மூன்றாவது, யாருடைய சொல் என்பது. வெளியூர்க் கலைஞர் வெளியூர் மொழியில் எழுதிவிட்டுப் போவதற்கும், அங்கே உழைத்தவர்களின் சொற்களே சுவரேறுவதற்கும் பெரிய வேறுபாடு உண்டு.

இவற்றோடு பாதுகாப்பும் சேரும். பழைய ஆலைகளில் கல்நார்க் கூரை, ஈயம் கலந்த வண்ணப்பூச்சு, எண்ணெய் ஊறிய மண் ஆகியவை இருக்கக்கூடும். அவற்றைச் சீர்செய்யாமல் பொதுமக்களை உள்ளே அழைப்பது தவறு.

தூத்துக்குடிக் கரையும் இக்கலையும்

தூத்துக்குடியில் தொழில் நினைவுகள் பல அடுக்குகளாக உள்ளன. 1908 பிப்ரவரி 27 அன்று இங்குள்ள கோரல் நூற்பாலைத் தொழிலாளர்கள், வ.உ. சிதம்பரனாரும் சுப்பிரமணிய சிவாவும் துணைநிற்க, வேலைநிறுத்தம் தொடங்கினர். கூலி உயர்வும் வார விடுமுறையும் அவர்களின் கோரிக்கைகளில் இருந்தன. 1974இல் புதிய ஆழ்கடல் துறைமுகம் பெருந்துறைமுகமாக அறிவிக்கப்படும்வரை, பெரிய கப்பல்கள் கரையிலிருந்து சில மைல் தள்ளியே நங்கூரமிட்டன. தோணிகளே சரக்கை ஏற்றி இறக்கின. 2011இல் துறைமுகம் வ.உ. சிதம்பரனார் பெயரைப் பெற்றது.

இவற்றுள் முத்துக்குளிப்பு தனித்தன்மை வாய்ந்தது. அதற்கு ஆலையோ கூடமோ இருந்ததில்லை. சலாபம் எனப்பட்ட முத்துக்குளிப்புப் பருவத்தில் கடற்கரையில் ஓலைக் கொட்டகைகளால் ஒரு தற்காலிக ஊர் எழும். பருவம் முடிந்ததும் கலையும். குளிப்பவர் கல்லின் கனத்தால் கீழிறங்கி, மூச்சடக்கும் அந்த ஒரு நிமிட அளவில் சிப்பிகளைக் கூடையில் திரட்டுவார். மேலே தோணியில் நிற்பவரின் கையில் கயிறு இருக்கும். அக்கயிற்றைப் பெரும்பாலும் மைத்துனரே பிடிப்பார், தங்கையின் வாழ்வு அதில் உள்ளதால் கைவிடமாட்டார் என்பது கரையோரத்தில் வழங்கும் செய்தி. தூத்துக்குடிப் பகுதியில் 1955 முதல் 1961 வரை நடந்ததே கடைசி முத்துக்குளிப்பு வரிசை. பின்னர் 1973இல் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் இங்கே வளர்ப்பு முத்தை உருவாக்குவதில் வெற்றி கண்டது. ஆனால் கடலடி முத்துக்குளிப்பு மீளவில்லை.

கட்டடமே இல்லாத ஒரு தொழிலுக்கு எஞ்சுவது சொற்கள் மட்டுமே. கடலடித் திட்டுகளுக்குப் பார் என்று பெயர். தொலாயிரம் பார் போன்ற பெயர்கள் நிலத்தில் ஊர்ப்பெயர் போலக் கடலில் வழங்கின. எந்தப் பார் எந்தத் திசையில், எந்த ஆழத்தில் உள்ளது என்பதைக் கரை அடையாளங்களைக் கொண்டு கணித்தனர். இப்பெயர்களைக் கரையில், அவை இருக்கும் திசை நோக்கி எழுதி வைப்பது எழுத்துக் கலைக்கு இயல்பான ஒரு பணியாகும்.

மூடப்பட்ட ஒவ்வொரு தொழிற்கூடமும் கலைக்குரிய இடமாகிவிடாது என்பதற்கும் இதே ஊரில் சான்று உள்ளது. ஸ்டெர்லைட் தாமிர உருக்காலைக்கு எதிரான போராட்டத்தில் 2018 மே 22, 23 நாட்களில் நடந்த காவல்துறைத் துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் உயிரிழந்தனர். மே 28 அன்று ஆலையை மூடத் தமிழக அரசு ஆணையிட்டது. ஆலையைத் திறக்கக் கோரிய மேல்முறையீட்டை உச்ச நீதிமன்றம் 2024 பிப்ரவரி 29 அன்று தள்ளுபடி செய்தது. இத்தகைய இடத்தில் எழுதப்படும் எந்தச் சொல்லும் இறந்தோர் குடும்பங்களுக்கும், நச்சுக்காற்றுக்கு அஞ்சியவர்களுக்கும், வேலை இழந்தவர்களுக்கும் வெவ்வேறு பொருள் தரும். அவர்களைக் கேட்காமல் எழுதுவது கலையாகாது.

இயங்கும் துறைமுகத்தின் அருகே வேறொரு கட்டுப்பாடும் உண்டு. கப்பல்களுக்கு வழிகாட்டும் மிதவைகளிலும் அலைதடுப்புச் சுவர் முனைகளிலும் சிவப்பு, பச்சை விளக்குகள் உள்ளன. இந்தியாவில் துறைமுகத்திற்குள் நுழையும் கப்பலுக்கு இடப்புறம் சிவப்பும் வலப்புறம் பச்சையும் அமையும். முயல் தீவில் கலங்கரை விளக்கம் உள்ளது. கடலைப் பார்த்தபடி இந்நிறங்களில் மின்னும் கலைப்படைப்பு மாலுமிகளைத் தவறாக வழிநடத்தக்கூடும். மேலும் தூத்துக்குடி முதல் பாம்பன் வரையுள்ள 21 தீவுகள் 1986 முதல் மன்னார் வளைகுடா கடல் தேசியப் பூங்காவாக உள்ளன. கடற்கரையில் பொரிந்து கடலை நோக்கிச் செல்லும் ஆமைக்குஞ்சுகளைச் செயற்கை ஒளி திசை மாற்றிவிடும். எனவே இக்கரையில் ஒளிப் படைப்பு நகரை நோக்கியோ கட்டடத்தின் உள்ளேயோ அமைவதே தகும். அல்லது நிழல் எழுத்தைத் தேர்ந்தெடுக்கலாம்.

படைப்பை மதிப்பிடக் கேட்க வேண்டியவை

இத்தகைய படைப்பைக் காணும் மாணவர் ஐந்து கேள்விகளைக் கேட்டுப் பார்க்கலாம்.

1. இந்த இடத்தில் முன்பு என்ன வேலை நடந்தது என்பது படைப்பிலிருந்து தெரிகிறதா?
2. சொற்கள் யாருடையவை? அங்கே உழைத்தவர்கள் அவற்றைப் படித்துப் புரிந்துகொள்ள முடியுமா?
3. இதே படைப்பை வேறொரு கட்டடத்திற்கு மாற்றினால் பொருள் குறையுமா? குறையவில்லை என்றால் அது இடத்தை அலங்காரமாக மட்டுமே பயன்படுத்துகிறது.
4. ஒளியால் அண்டை வீட்டாருக்கோ கப்பலுக்கோ உயிரினங்களுக்கோ இடையூறு உண்டா?
5. விழா முடிந்தபின் அந்த இடத்தை யார் பராமரிப்பார்?

கொச்சியின் வேதனைக் கடல் மூன்றாவது கேள்விக்கு நல்ல விடை. கடல்வழி வணிகத்தால் எழுந்த கிடங்கிற்குள் கடல்நீரையே கொண்டுவந்ததால்தான், கடலில் மாண்ட சிறுவனைப் பற்றிய சொற்கள் அங்கே முழுப்பொருள் பெற்றன.

சொற்களைத் தொகுத்தல்

தூத்துக்குடிக் கரையில் இக்கலை முறையாக அமைய வேண்டுமானால் முதலில் தேவைப்படுவது விளக்குகளல்ல, சொல்தொகுப்பு. 1961இல் 20 வயதில் கடலில் குளித்தவர் இன்று 80 வயதைக் கடந்தவர். பார்களின் பெயர்கள், கயிற்றுச் சைகைகள், தோணியின் உறுப்புகள், சரக்குச் சுமந்தோரின் எண்ணுமுறை, உப்பளப் பாத்திகளில் வழங்கும் வழக்குகள் ஆகியவற்றைச் சொன்னவர் பெயரோடும் ஊரோடும், அவர் இசைவு பெற்று எழுதிவைப்பது பள்ளி, கல்லூரி மாணவர்கள் செய்யக்கூடிய பணி. பேச்சு மொழியில் சொன்னதை அப்படியே எழுத வேண்டும். திருத்தமான தமிழாக்குகிறோம் என்று மாற்றக் கூடாது. இத்தொகுப்பு இருந்தால் எந்தக் காலத்திலும் ஒரு கலைஞர் அதை ஒளியாகவோ நிழலாகவோ சுவரேற்ற முடியும்.